உப்புக்கு மட்டும் அளவு எழுதாத சீட்டு

மரக்காணம் உப்பளத்தில் பதினெட்டு வருஷம் உப்பு வாரிய ஜெயசீலனிடம், 2006 கோடையில் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: காலில் இருக்கிற புண் ஆற வேண்டுமானால் இனி உப்புத் தண்ணீரில் இறங்கக் கூடாது. மருந்தும் எழுதிக் கொடுத்தார். வேறு வேலை எழுதிக் கொடுக்கத்தான் மறந்துவிட்டார்.

மழைக்காலத்தில் அளம் மூடியிருக்கும்போது, பொம்மையார்பாளையத்தில் ஒரு வெள்ளைக்காரர் நடத்தும் விடுதியில் ஜெயசீலன் பாத்திரம் கழுவுவான். அந்தக் கோடையில் அங்கே சமையல்காரர் வேலையை விட்டு நின்றுவிட்டார். ஜெயசீலன் போய்க் கேட்டதற்கு முதலாளி ஒரு சோதனை வைத்தார். பன்றி விலா எலும்பில் மசாலா தடவி, வீட்டிலேயே புகை போட்டு, ஞாயிறு சாயங்காலம் கொண்டுவர வேண்டும். விருந்தாளிகளுக்குப் பிடித்தால் சமையலறை அவனுக்கு. முதலாளி தமிழில் எழுதவைத்து ஒரு சீட்டும் கொடுத்தனுப்பினார். பனைவெல்லம் நாலு கரண்டி, மிளகாய்த்தூள் இரண்டு, மிளகு ஒன்று, பூண்டு பத்துப் பல். உப்பு மட்டும் 'தேவையான அளவு'. உப்போடு குடித்தனம் நடத்துகிறவனுக்குப் போய் உப்புக்கு அளவு சொல்வானேன் என்று நினைத்தார்களோ என்னவோ.

சனிக்கிழமை மசாலா அரைத்தான். அவன் மனைவி மேரிசெல்வியும் அளத்தில் உப்புக்கூடை சுமப்பவள்தான். தொட்டு நாக்கில் வைத்தாள்.

"இன்னாய்யா, உப்பே காணோம்?"

"ஒரு கை போட்டேன்டி."

"சப்புனு இருந்தா வெள்ளைக்காரன் உன்ன எச்சித் தட்டாண்டயே உக்கார வெச்சிடுவான். போடு இன்னொரு கை."

போட்டான்.

ஞாயிறு காலை, பாதியாக வெட்டிய டிரம்மில் சவுக்கு விறகைத் தணலாக்கி, கம்பி வலையில் எலும்பை அடுக்கி, ஈரச் சாக்கால் மூடினான். புகையைப் பார்த்துவிட்டு, கூட உப்பு வாரும் தட்சணாமூர்த்தி குடத்தோடு ஓடிவந்தான்.

"ஏம்பா, வூடு பத்திக்கிச்சா?"

"கறி வேவுதுடா."

"காலைல இருந்தா? பன்னி உசுரோட வந்து உக்காந்திருந்தாலே இந்நேரம் வெந்திருக்குமே!"

சொன்னானே தவிர, குடத்தை இறக்கி வைத்துவிட்டு வேகும்வரை நகரவில்லை. ஒரு துண்டைப் பிய்த்து மென்றான். "சோக்கா இருக்குது. உப்புதான் ஒரு பொட்டு கம்மி."

ஜெயசீலனும் ருசி பார்த்தான். ஆமாம், கம்மிதான். மூன்று அளத்து நாக்குகள் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியபின் யார் மறுக்க முடியும்? உப்புத் தண்ணீரில் துணியை நனைத்து எலும்பின் மேல் இரண்டு தடவை தடவினான்.

சாயங்காலம் விடுதியில் மூடியைத் திறந்ததும், அந்த நிறத்துக்கும் வாசனைக்கும் விருந்தாளிகள் கைதட்டினார்கள். அந்த அரை நிமிஷம் ஜெயசீலன் சமையல்காரனாக இருந்தான். பிறகு ஒருவர் தண்ணீர் கேட்டார். அடுத்தவரும் கேட்டார். ஜக்கு காலியானது. ஒரு அம்மாள் வாயில் இருந்ததைக் காகிதத்தில் மடித்து, அவனைப் பார்த்துச் சிரித்தார்.

முதலாளி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கெஞ்சியாவது பார்த்திருக்கலாம். "இதை யாராலும் சாப்பிட முடியாது, ஜெயசீலன். மழைக்கு வா, பாத்திரம் கழுவ" என்றார்.

திரும்பி வந்த பாத்திரத்திலிருந்து மேரிசெல்வி ஒரு துண்டை எடுத்துத் தின்றாள்.

"நல்லாத்தானே இருக்குது? அந்தாளு வேற யாருக்கோ வேலைய பேசி வெச்சிருப்பான்யா."

ஜெயசீலன் ஓர் எலும்பை எடுத்து வெகுநேரம் மென்றான். புகை இருந்தது, வெல்லம் இருந்தது, மிளகு இருந்தது.

"எங்கடி இருக்குது உப்பு?" என்றான்.

திங்கட்கிழமை காலை, புண்ணின் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கினான். முதல் வரப்பைத் தாண்டுவதற்குள் தண்ணீர் பைக்குள் புகுந்துவிட்டது. அங்கே உப்பு நன்றாகவே தெரிந்தது.