காய்ந்தது என்று நான் போட்ட கையெழுத்து

போடி நகராட்சிக் குப்பைக் கிடங்கில், பழைய இரும்புக் கடைக்காரர்கூட வாங்காத குப்பையைச் சிமெண்ட் ஆலைக்கு அனுப்புவது என் வேலை. நைந்த பை, பிய்ந்த செருப்பு, கந்தல் எல்லாவற்றையும் இயந்திரத்தில் அழுத்திப் பொதியாகக் கட்டுவோம். சுண்ணாம்புக்கல்லைச் சுடும் சூளையில் நிலக்கரியோடு அதையும் எரிப்பார்கள். ஈரம் மட்டும் இருக்கக் கூடாது. 'காய்ந்தது' என்று சீட்டில் கையெழுத்துப் போடுகிறவன் நான். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள்.

அப்பா மலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்க்கிறார். ஒரு பிடி அள்ளிக் காதருகே குலுக்குவார். உள்ளே விதை சலசலத்தால் காய் காய்ந்துவிட்டது. முதல் லோடுக்கு நானும் அப்படித்தான் பார்த்தேன். பொதியின் ஓரத்தில் ஒரு பிடி பிய்த்துக் காதருகே கசக்கினேன். சரசரவென்றது. கையெழுத்தைப் போட்டுவிட்டு லாரியிலும் ஏறிக்கொண்டேன். ஏலக்காயைக் கிளறிக் கிளறி உலர்த்துவார்கள், கட்டிய பொதியை யார் கிளறினார்கள் என்று எனக்கு உறைக்கவில்லை.

ஆலை வாசலில் சோதனை செய்யும் அம்மா ஒரு நீளக் கம்பியைப் பொதியின் நடுவில் குத்தி உருவினார். நுனியில் தண்ணீர் சொட்டியது.

"இதுக்குப் பேரு காஞ்சதா தம்பி? வண்டியத் திருப்புங்க."

கிடங்கு மேற்பார்வையாளருக்குப் போன் போட்டேன்.

"ஒன் கையெழுத்துதான இருக்கு? திருப்பிக் கொண்டாந்தயின்னா கெடங்கு கேட்டுலயே ஒன் சோலி முடிஞ்சது."

ஆலைக்குள்ளும் விடமாட்டார்கள், ஊருக்கும் போக முடியாது. வேலியோரம் லாரி நாறிக்கொண்டு நின்றது.

"காலேசு படிச்சிட்டு குப்பையக் காதுல வச்சுப் பாத்த மொத ஆளு நீதான் மாப்ளே," என்றார் டிரைவர் அண்ணன்.

அந்த நேரம் பார்த்து அப்பா போனில் கூப்பிட்டார். "உள்ள விட்டாங்களாப்பு?"

"விட்டுட்டாங்கப்பா."

அந்த அம்மாவிடம் கெஞ்சி வேலியோரப் பொட்டலில் பொதிகளைப் பிரித்துப் பரப்பினோம். "பறந்துச்சுன்னா நீங்கதான் பொறுக்கணும்," என்றார். இரண்டு நாள் வெயிலில் புரட்டிப் புரட்டிப் போட்டோம். ஏலக்காயை ஏலம் விடும்போது மாதிரிக்குக் காய் போட்டுக் கொடுக்கும் சின்னப் பிளாஸ்டிக் பைகள்தான் முதலில் பறந்தன. கருவேல முள்ளுக்குள் கைவிட்டுப் பொறுக்கினேன். அவற்றில் இன்னும் ஏலக்காய் மணத்தது.

மூன்றாம் நாள் அந்த அம்மா நாலு இடத்தில் கைவிட்டு அள்ளிப் போய்ச் சோதித்துவிட்டு வந்தார். "சரி, ஏத்துக்கிறோம். ஆனா இனிமே உங்க ஊரு லோடோட நீங்களும் வந்துரணும். ஈரம் இருந்தா இங்கயே காயப் போட்டுக் குடுங்க."

மேற்பார்வையாளருக்கு ஏக சந்தோஷம். "லோடோட நீ வருவேன்னு ஆலைக்கு வெரசா எழுதிக் குடுத்துட்டேன். இனி நீதான்டா போற."

அன்றிலிருந்து ஒவ்வொரு லோடுக்கும் நான்தான் போகிறேன். அரசு வேலைக்கு எழுத வேண்டிய தேர்வன்றும் அந்தப் பொட்டலில்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். அப்பா ஸ்டோரில் எல்லாரிடமும், "எம்மகன் சிமெண்டு கம்பெனிக்காரங்களுக்கு வேண்டிய ஆளு" என்கிறாராம்.

காலையிலிருந்து போடியில் சாரல். நாளை லோடு. டிரைவர் அண்ணன் நான் அங்கே படுக்க ஒரு பாயும் லாரியில் எடுத்து வைத்துவிட்டார்.