அறுபதிலேயே நின்ற எண்

சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது சொல்லிக்கொள்ளக் கூடாது என்பார்கள். அன்றைக்கு எனக்கு அது வசதியாகப் போயிற்று. சுடுகாட்டிலிருந்து திரும்பிய ஆண்கள் பம்ப்செட்டில் வரிசையாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள். நான் தலை ஈரம் காயாமலே பையை எடுத்துக்கொண்டு வாலாஜாபாத் சாலைக்கு வந்து, ஒரகடம் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு கன்டெய்னர் லாரி கடக்கும்போதும் சட்டை உடம்போடு ஒட்டிப் பிரிந்தது. ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து, "ஒரகடமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். ஏறினால் எங்காவது இறங்க வேண்டும். இறங்கினால் அடுத்து எங்கே என்று யோசிக்க வேண்டும். நடக்கிற வரைக்கும் அந்தத் தொல்லை இல்லை.

செத்தவன் என் அறை நண்பன். அவன் என்னை மச்சான் என்பான், நானும் அவனை மச்சான் என்பேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். ஒரு தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினான். சரக்கு ஏற்றும் மேடையின் விளிம்பில் திரும்ப வேண்டிய வண்டி, திரும்பாமல் நேராகப் போய்க் கீழே கவிழ்ந்தது. அவன் அதற்கடியில் கிடந்தான். ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது. அவனுடைய அம்மா பாடையைத் தூக்குவதற்குச் சற்று முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடவே இருந்தியேப்பா. அவ்ளோ நல்லா ஓட்டற புள்ள, எப்படி நேரா உட்டான்? உனக்கு எதுனா தெரியுமா?" என்று கேட்டார். தெரியாதும்மா என்றேன். எனக்குத் தெரியும்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டினேன், பெங்களூரில் பேக்கரியில் தட்டு கழுவினேன், மறைமலை நகரில் ஒரு கணினி பழுதுபார்க்கும் கடையில் ஒன்றரை வருடம் இருந்தேன். எதிலும் நிலைக்கவில்லை. சுங்குவார்சத்திரத்தில் அந்த அறைக்கு வந்தபோது ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் கான்ட்ராக்ட் ஆள். மச்சானும் நானும் சென்னை ரிச்சி தெருவில் பழைய பாகங்களாகத் தேடி வாங்கி ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டினோம். அதில் அவன் ஆடியது ஒரே ஒரு கேம், லாரி ஓட்டுவது. எங்கேயோ பனி பெய்கிற ஊர்களின் வழியாகச் சரக்கு ஏற்றிக்கொண்டு போக வேண்டும். முதல் ஷிஃப்ட் முடித்து மூன்றரை மணிக்கு வருவான். முகம் கழுவி, டீ குடித்து, நான்கு மணிக்கெல்லாம் உட்கார்ந்துவிடுவான். நாள் முழுக்க வண்டி ஓட்டிவிட்டு வந்து மறுபடியும் வண்டியா, அலுக்கவில்லையா என்று கேட்டேன். "அது பாதி நேரம் ரிவர்ஸ்லயே போவுது மச்சான். இதுலதான் ஒரு ஊரத் தாண்டிப் போறேன்" என்றான்.

ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் கேம் திக்கத் தொடங்கியது. ஓடிக்கொண்டிருக்கும் படம் ஒரு நொடி உறையும், பிறகு குதித்து ஓடும். நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்று காட்டும் எண்ணைத் திரையின் மூலையில் தெரியும்படி வைத்தேன். அறுபதில் இருக்க வேண்டியது இருபதுக்கும் பதினைந்துக்கும் விழுந்து எழுந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தால், காற்று போகும் வலைமேல் மச்சான் சந்தனத்தைக் குழைத்துப் பட்டை போட்டு, நடுவில் குங்குமமும் வைத்திருக்கிறான். அது காய்ந்து வலையை அடைத்துவிட்டது. உள்ளே சூடு ஏறியதும் கம்ப்யூட்டர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. "சாமி மூக்கையே அடைச்சிட்டியேடா" என்றேன். "ஃபோர்க்லிஃப்ட்டுக்கும்தான் வெச்சேன், அது நல்லாத்தானே ஓடுது" என்றான். வலையைக் கழுவினேன், மின்விசிறியின் தூசியைப் பிரஷ்ஷால் எடுத்தேன். எண் ஏறியது. அப்படியும் இடையிடையே விழுந்தது. நிழல்களின் தரத்தைக் குறைத்தேன், பின்னணியில் தானாக ஓடிய அப்டேட்டை நிறுத்தினேன், இன்னொரு மெமரி வாங்கிப் போட்டேன். அதன்பின் எண் அறுபதை விட்டு நகரவில்லை.

ஆனால் மச்சான், "மறுபடியும் நின்னுச்சுடா" என்றான். நான் ஓட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை. அவன் ஓட்டினால் நிற்கிறது என்றான். "இன்னாடா நீ, நம்பரையே காட்டிகினு கீற. வளைவுக்கு முன்னாடி ரோட்ல இருக்கேன், கண்ணு மூடித் தொறக்கல, பள்ளத்துல கெடக்கேன். நடுவுல படத்தையே காணோம்" என்றான்.

இந்த இடத்தில் வேறு எவனாக இருந்தாலும் உனக்கு என்னவோ ஆகிறது என்று சொல்லியிருப்பான். நான் சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு. இந்தப் பகுதியில் எந்தக் கம்பெனியில் எது பழுதானாலும் சூப்பர்வைசர் வாயிலிருந்து முதலில் வருவது 'ஆபரேட்டர் மிஸ்டேக்' என்பதுதான். பெல்ட் அறுந்தாலும் அதுதான், சென்சார் வேலை செய்யாவிட்டாலும் அதுதான். மெஷினைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே ஆளுக்கு மெமோ அடித்துவிடுவார்கள். எங்கள் அறையில் தங்கிப்போன அத்தனை பேரும் அதை வாங்கியவர்கள். ஆகவே அறைக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம்: மிக்சி ஓடாவிட்டாலும், பைக் கிளம்பாவிட்டாலும், ஆளைக் குறை சொல்லக் கூடாது. மெஷினைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அதை ஒரு மானப் பிரச்சினையாகவே கடைப்பிடித்தோம். அந்த மானத்தோடு இரண்டு வாரம் கேபிளையும் டிரைவர் மென்பொருளையும் மாற்றிக்கொண்டிருந்தேன்.

கடைசியில், அவன் ஓட்டும்போது திரையில் தெரிவதை அவன் குரலோடு சேர்த்து வீடியோவாகப் பதிவு செய்தேன். எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம் என்பதுதான் எண்ணம். மறுநாள் தனியாக உட்கார்ந்து அதைப் பார்த்தேன். படம் எங்கேயும் நிற்கவில்லை. மரங்கள் வழுவழுவென்று பின்னால் போயின. மூலையில் அறுபது. சாலை இடப்பக்கம் வளைகிறது, லாரி வளையவில்லை. பிரேக் இல்லை, ஸ்டியரிங் அசையவில்லை. ஆறு நொடி அப்படியே நேராகப் போய்ப் பள்ளத்தில் இறங்கியது. இறங்கியபின் அவன் குரல் பதிவாகியிருந்தது: "பாத்தியா, நின்னுச்சு."

அன்று மாலை நான் திரையைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து அது வந்தது. கண் திறந்தபடியே இருந்தது. உதடு மட்டும் எதையோ சப்புவதுபோல் மெல்ல அசைந்தது. மச்சான் என்றேன். தோளைத் தொட்டேன். கேட்கவில்லை. பிறகு கண்ணில் ஆள் திரும்பி வந்தான். "இன்னா?" என்றான். நாலு மாதத்துக்கு முன்னால் கம்பெனி பஸ் போட்ட பிரேக்கில் கம்பியில் தலை மோதி மூன்று தையல் போட்டிருந்தான். மறுநாளே ஷிஃப்டுக்குப் போய்விட்டான். எனக்கு அப்போதுதான் அது ஞாபகம் வந்தது.

வீடியோவைப் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தான். ஆறு வருடம் கான்ட்ராக்டில் ஓட்டியவனுக்கு அப்போதுதான் நிரந்தர வேலைக்குப் பெயர் வந்திருந்தது. மருத்துவப் பரிசோதனைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. இது ஏதோ ஒரு மாதிரி வலிப்பு, ஆஸ்பத்திரிக்கு வா, நாளைக்கே போவோம் என்றேன்.

"போனா சீட்டுல எழுதிக் குடுப்பான். வண்டி ஓட்டக் கூடாதுன்னுவான். பெருக்கற வேலைகூட குடுக்க மாட்டானுங்க மச்சான்."

"வண்டி ஓட்டும்போது வந்தா?"

"ஒம்போது நாள்தானே. மெதுவா ஓட்டறேன். பர்மனென்ட் ரோல்ல ஏறிட்டன்னா நானே வந்து உன் கையப் புடிச்சிகினு டாக்டராண்ட போறேன். இத அழிச்சிடு."

அவன் பக்கத்தில் இருக்கும்போதே அழித்தேன். நிச்சயமா என்று கம்ப்யூட்டர் ஒரு தடவை கேட்டது. ஆமாம் என்று அழுத்தியது என் விரல்தான்.

ஆறாவது நாள் வண்டி கவிழ்ந்தது. கம்பெனியில் எழுதிய காரணம் ஆபரேட்டர் மிஸ்டேக். செய்தி சொல்ல வந்தவன் அதைச் சொன்னதும் அறையில் இருந்த எல்லோரும் கொதித்தார்கள். வண்டி ரிப்பேராக இருந்திருக்கும், பிரேக் பிடித்திருக்காது, மூடி மறைக்கிறார்கள் என்று கத்தினார்கள். ஆபரேட்டர் மிஸ்டேக் என்பது உண்மை இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. உண்மை என்று சொன்னால் அவனை இரண்டாம் தடவை வேலையிலிருந்து எடுப்பதுபோல் இருந்தது.

அதற்குப் பிறகு நான்கு ஊர் மாறி, இப்போது மறுபடியும் ஒரு கணினி பழுதுபார்க்கும் கடையில் இருக்கிறேன். யாராவது கேம் திக்குகிறது என்று கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தால், ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன்னால், "உங்களுக்கு மட்டும் நிக்குதா, பக்கத்துல பாக்கறவங்களுக்கும் நிக்குதா?" என்று கேட்கிறேன். பைத்தியம் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும்.

சாவு வீட்டிலிருந்து கிளம்பிய அன்று ஒரகடம் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அங்கேயே எங்கோ படுத்தேன். காலையில் ஆள் எடுக்கும் இடத்தில் நின்றேன். கான்ட்ராக்டர் ஒருவர் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நின்றார். "ஃபோர்க்லிஃப்ட் முன்னாடி விசில் ஊதிகினு நடக்கணும். பக்கத்து கம்பெனில ஒருத்தன் போய்ட்டான்ல, அதனால இன்னிலேர்ந்து எல்லா எடத்துலயும் புது ரூலு. படிப்பெல்லாம் வேணாம், கண்ணு நல்லா தெரியுதா?"

தெரியும் என்றேன். பச்சை ஜாக்கெட் ஒன்றும் விசில் ஒன்றும் கொடுத்தார்கள். முன்னால் யாராவது குறுக்கே வருகிறார்களா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. நான் நாலடிக்கு ஒரு தடவை திரும்பி, வண்டியில் இருந்தவரின் கண்ணைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாடா, பொண்ணு பாக்க வந்தவன் மாரி என் மூஞ்சியையே பாத்துகினு வர? முன்னாடி பாத்து நட" என்றார்.

சரிண்ணே என்றேன். நாலடி நடந்து மறுபடியும் திரும்பினேன்.