கழுவிய காசு

காசின் மேல் குனிந்திருக்கும்போது எல்வுட் மோயர் வாயைத் திறக்கமாட்டார். வீடு தீப்பற்றிக்கொண்டது என்று சொன்னாலும் ஒரு விரலைத்தான் தூக்குவார்: பொறு. பேசினால் எச்சில் தெறிக்கும். தெறித்த துளி செம்பில் கரும்புள்ளியாகப் படிந்து, அவர் செத்த பிறகும் அங்கேயே இருக்கும். காசை விளிம்பில் மட்டும் பிடித்து, சமையலறை விளக்கின் கீழ் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். மூச்சைக்கூடத் தலையைத் திருப்பிக்கொண்டுதான் விடுவார்.

ரெடிங் நகரில், பிரெட்ஸல் என்னும் முறுக்கு ரொட்டி செய்யும் ஆலையொன்றில் இயந்திரங்களைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர். ஸ்பேனர் பிடித்துக் காய்த்துப்போன பெரிய கை. அந்தக் கைக்கு இந்தப் பதவிசு எங்கிருந்து வந்ததோ தெரியாது. அவர் சேர்ப்பது பழைய சிறிய சென்ட் காசுகள். அதிலும் கடை கடையாகப் புழங்கியவை அல்ல. பெரிய செம்புச் சென்ட்டைக் கைவிட்டுச் சின்னதாக அடிக்கலாமா என்று நாணயச்சாலை யோசித்துக்கொண்டிருந்த நாளில், பெரிய மனிதர்களிடம் காட்டிச் சம்மதம் வாங்க அடித்த வெள்ளோட்டக் காசுகள். சேகரிப்போருக்கென்றே மெருகேற்றிய அச்சில் தனியாக அடித்த ப்ரூஃப் காசுகள். சிலவற்றில் கழுகு, சிலவற்றில் தலையில் இறகு சூடிய பெண். பின்பக்க மாலையில் ஓர் இலை மாறியிருந்தால் எல்வுட்டுக்கு அது வேறு காசு. அந்த இலையைத் தேடி மாநிலம் விட்டு மாநிலம் காரோட்டிப் போவார்.

எல்லாவற்றுக்கும் தலை, 1856இல் அடித்த பறக்கும் கழுகு. தேனில் கொஞ்சம் சாம்பலைக் குழைத்தது போன்ற நிறம். ஒன்றரை நூற்றாண்டுக் காற்று மெல்ல மெல்லப் பூசிய நிறம் அது. அந்த நிறத்தின் மீதுதான் அவருக்கு உயிர்.

கல்யாணமான புதிதில் ஆர்லீன் ஒருநாள் பக்கத்தில் வந்து நின்றாள். “அதுல அப்படி என்னதான் தெரியுது, எல்வுட்? எனக்கும் காட்டேன்” என்றாள். அவர் விரலைத் தூக்கினார். அவள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அடுப்பில் வைத்த ஆப்பிள் பை கருகுகிறதா என்று பார்க்கப் போய்விட்டாள். காசைப் பெட்டியில் வைத்து மூடியபோது அவள் கேட்டது அவருக்கு மறந்துபோயிருந்தது. பிறகு அவள் கேட்கவே இல்லை. பெட்டியைச் சுற்றித் தூசி தட்டுவாள், பெட்டியைத் தொடமாட்டாள்.

போன இலையுதிர்காலத்தில் அவர் நெஞ்சைப் பிளந்து அறுவை செய்தார்கள். பிழைப்பாரா என்று யாரும் சரியாகச் சொல்லவில்லை. வெறும் வீட்டில் ஆர்லீனுக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. கடைசியில் அந்தப் பெட்டியைத் திறந்தாள். வினிகர், உப்பு, சோடா மாவு, ஒரு பழைய பல் துலக்கி. அழுதுகொண்டே ஒவ்வொரு காசாகத் தேய்த்தாள்.

தையல் பிரிந்துவிடாமல் இருக்க நெஞ்சோடு தலையணையை அணைத்தபடி எல்வுட் வீட்டுக்குள் வந்தார். மேஜையில் கறுப்புத் துணி விரித்து, அதன்மேல் காசுகள் வரிசையாக, புது வாணலி போலப் பளபளத்துக் கிடந்தன.

“பாரு எல்வுட், எல்லாம் எவ்வளவு அழுக்கா கெடந்துச்சு! உன்னை மாதிரியே இதுங்களும் பொழச்சு வந்துடுச்சு.”

அவர் கழுகைப் பார்த்தார். தேன் நிறம் போயிருந்தது. மயிரிழைக் கீறல்கள் சிறகெங்கும் ஓடின. போனது போனதுதான்; எந்தக் கடவுளாலும் திருப்பித் தர முடியாது. தலையணையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

“அழகா இருக்கு” என்றார்.

அந்த ஒரு பொய்யைக் காப்பாற்றவே குளிர்காலம் முழுக்கக் காசு சேர்ப்போர் சங்கத்துக்குப் போகவில்லை. ஆனால் தீயணைப்பு நிலையக் கூடத்தில் நடக்கும் வருடாந்தரக் கண்காட்சிக்குப் போயே தீரவேண்டும் என்று ஆர்லீன் ஒற்றைக்காலில் நின்றாள். “இத்தனை வருஷத்துல இப்பதான் என் கையும் அதுல பட்டிருக்கு. நானும் வரேன்.” ஹாம் சாண்ட்விச் கட்டிக்கொண்டு, தேவாலயத்துக்குப் போடும் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

சங்கத்தில் எல்வுட் பயந்தது கிளேட்டன் ரைஸுக்குத்தான். இறந்தவர்களை அடக்கம் செய்து கொடுக்கும் தொழில் அவருக்கு. பிணத்தின் முன் குரலைத் தாழ்த்துகிற மனிதர், காசின் முன் தாழ்த்தமாட்டார். அடுத்த மேஜையில் யாரோ ஓர் ஆளின் காசைத் தூக்கிப் பார்த்துக் கூடமே அதிரக் கத்தினார்:

“சோப்பு வாசனை வருதேய்யா! எந்தத் தொட்டியில போட்டு அலசின? காசைக் கழுவுறதும் கொலை பண்றதும் ஒண்ணு. இத்தனை வருஷத்து நிறம், போனா வருமா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆர்லீன் சிரிக்கவில்லை. சாண்ட்விச் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது.

கிளேட்டன் சிரிப்பு மாறாமல் இவர்கள் மேஜைக்கு வந்தார். “என்னய்யா எல்வுட், செத்தே போயிட்டேன்னு நெனச்சேன். உனக்குப் பெட்டிகூடப் பார்த்து வச்சிருந்தேன்.” குனிந்தார். கழுகைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு இருந்த இடம் தெரியாமல் போயிற்று. எல்வுட்டைப் பார்த்தார், எல்வுட்டின் கண் கெஞ்சியது. கிளேட்டன் தன் தொழிலுக்குரிய குரலில், “ரொம்ப நல்லா வச்சிருக்கீங்கம்மா” என்றார்.

அந்தக் குரலே காட்டிக்கொடுத்துவிட்டது.

“எல்வுட்,” என்றாள் ஆர்லீன், “நானும் அதைத்தானே பண்ணியிருக்கேன்? எல்லாத்தையும் கொன்னுட்டேன். நீ ஏன் சொல்லல?”

இந்த வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் சொன்னதில்லை என்பதும், அதைத் தொடங்கிவைத்தது யாருடைய விரல் என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நெஞ்சுத் தழும்பு வலித்தது.

எல்வுட் மேஜையில் காசுகளை அடுக்கியிருந்த கண்ணாடிப் பேழையைத் திறந்தார். கழுகை எடுத்து, விளிம்பைப் பற்றி யோசிக்காமல், அவளுடைய வெறும் உள்ளங்கையில் வைத்தார். அவள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், அவர் விடவில்லை. அவளுடைய கட்டைவிரலைப் பிடித்துச் சிறகின் மேல் அழுத்தி வைத்தார். பிறகு, காசுக்கு மிக அருகில் குனிந்து, வாயைத் திறந்து பேசத் தொடங்கினார்.

“இங்க பாரு, ஆர்லீன். இதுதான் சிறகு...”