கம்பெனிக்கு ஆள் இல்லை

பதிப்பகம் நடத்துகிறேன் என்று சொன்னால், எந்த வகுப்புக்கு நோட்ஸ் போடுகிறீர்கள் என்று கேட்பார்கள். சரித்திரப் போர்களை விளையாட்டாக்கி விற்கிறேன் என்று விளக்கினால், போனில் விளையாடுவதா என்பார்கள். போனில் இல்லை, அட்டைப் பெட்டியில். உள்ளே ஒரு வரைபடம், அதன்மேல் தேன்கூடு போலக் கட்டங்கள், படைகளுக்குப் பதிலாக நகமளவு அட்டை வில்லைகள், பகடைக்காய்கள், ஒரு விதிப்புத்தகம். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பழைய சண்டை ஒன்றைத் திரும்பப் போடலாம். இவ்வளவையும் நான் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் பஸ் ஏறியிருப்பார்.

நான் கடைசியாக வெளியிட்டது பாஞ்சாலங்குறிச்சி முற்றுகை. 1801 மார்ச் 31இல் கம்பெனிப் படை அந்த மண்கோட்டையைத் தாக்கித் தோற்றதில் தொடங்கி, மே 24இல் கோட்டை விழுவதோடு முடியும். மார்ச் 31 செவ்வாய், மே 24 ஞாயிறு. யாரும் கேட்கவில்லை. ஆனாலும் வரைபடத்தின் ஓரத்தில் தேதியோடு கிழமையையும் போட்டேன். மிஷன் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் என் மனைவி அதைப் படித்துப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம கோயில் ஆராதனைக்குப் போவாம கோட்டயப் பிடிச்சிருக்கானுவ. அதக் கண்டுபிடிக்க நீங்களும் கோயிலுக்கு வரல" என்றாள்.

காலண்டர் அடிக்கும் ஒரு சிவகாசி அச்சகத்தில் வரைபடத்தைக் கொடுத்தபோது, "பரமபதமா அண்ணாச்சி? ஏணியக் காணோமே" என்று கேட்டார்கள். இது அந்த மாதிரி விளையாட்டு இல்லை என்று சற்றுக் கர்வத்தோடு சொல்லிவிட்டு வந்தேன். கோட்டையைப் பிடிக்க வருபவனுக்கும் ஏணி வேண்டும் என்பது பாளையங்கோட்டைக்குப் பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. மறுநாளே திரும்பப் போய் ஏணி விதியைச் சேர்த்தேன்.

பெட்டிகள் எங்கள் கட்டிலுக்கடியில் பாசறை போட்டன. வெளியூர்களிலிருந்து ஒன்றிரண்டு பேர் தபாலில் வாங்கினார்கள். உள்ளூரில் விளையாடுவதற்கு மாதம் ஒரு சனிக்கிழமை கூடுவோம். வண்ணார்பேட்டையில் பெயின்ட் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிதான் தன் கடை மாடியை இலவசமாகத் தந்திருந்தார். அவரும், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவரும், கங்கைகொண்டானில் ஓர் ஆலையில் வேலை பார்க்கும் சூப்பர்வைசர் ஒருவரும், நானும்தான் கூட்டம். விளம்பரத்தில் நான் 'நெல்லைப் போர் விளையாட்டு ஆர்வலர் வட்டம்' என்று போடுவது இந்த நாலு பேரையும்தான்.

பாஞ்சாலங்குறிச்சி வந்ததும் வட்டத்தில் விரிசல் விழுந்தது. எல்லோருக்கும் பாளையக்காரர் தரப்புதான் வேண்டும். கம்பெனிக்கு ஆள் இல்லை.

"நீரு இரும் வே. நீருதான பாளையங்கோட்டைக்காரரு. கம்பெனிப் பட்டாளம் உங்க ஊருலதான இருந்துச்சு" என்றார் அண்ணாச்சி. அவருக்குச் சொந்த ஊர் ஓட்டப்பிடாரம் பக்கம்.

"மிஷன் பள்ளிக்கூடத்துல வேற படிச்சிருக்காரு" என்று வாத்தியார் எடுத்துக் கொடுத்தார்.

ஒருமுறை சீட்டுக் குலுக்கிப் பார்த்தோம். வாத்தியாருக்குக் கம்பெனி விழுந்தது. அவர் மொத்தப் படையையும் பாளையங்கோட்டைக்கு நகர்த்தி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். ஏன் சார் தாக்கவில்லை என்றால், "வெயிலு ஜாஸ்தில்லா. ஓய்வெடுக்காங்க" என்றார். மே 24 வரை ஓய்வெடுத்தார்கள்.

ஆகவே மாதாமாதம் நானே கம்பெனி. விதிகளை எழுதியவன் என்பதால் மாதாமாதம் நானே ஜெயித்தேன். விளையாட்டு வரலாற்றுக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் எடுத்துச் சொன்னேன். எதிரே இருந்தவர்கள் முகத்தைப் பார்க்கும் வழக்கம் எனக்கு அப்போது இல்லை.

ஒரு சனிக்கிழமை, விளையாட்டு முடிந்து வில்லைகளைத் தீப்பெட்டிகளில் அடைத்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி சொன்னார்.

"அடுத்த மாசத்தோட சரி வே. சரக்கு வருது, டின்ன இங்கன அடுக்கணும்."

"கீழே இடம் இல்லையா அண்ணாச்சி?"

"இருக்கு. எங்க ஊருக் கோட்டைய மாசாமாசம் நீரு இடிக்கீரு. நாங்க ஒமக்குக் காப்பி வாங்கிக் குடுத்து வேடிக்க பாக்கோம். எங்களுக்கு என்ன தலையெழுத்தா?"

அந்த மாடி போனால் வட்டம் போயிற்று. வட்டம் போனால் நான் கட்டிலுக்கடியில் அட்டைப் பெட்டி வைத்திருக்கும் ஒரு மனிதன், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து மனைவியிடம் விதிகளைத் திருத்தப் போவதாகச் சொன்னேன். பீரங்கியின் வலிமையைக் குறைக்கலாம், பாளையக்காரருக்கு இன்னும் ஆள் கொடுக்கலாம். அவள் விதிப்புத்தகத்தின் முதல் வரியை மட்டும் வாசித்தாள்: 'ஒருவர் பாளையக்காரர், மற்றவர் கம்பெனி.'

"நான் கம்பெனின்னு எந்த மனுசன் வாயால சொல்லுவான்? உள்ள, வெளியேன்னு போடுங்க."

"வெளியே இருப்பது யார் என்ற கேள்வி வருமே?"

"அது ஒங்களுக்கு மட்டுந்தான் வருது."

முதல் வரியின்மேல் ஒட்டுவதற்குச் சிறிய தாள்கள் அச்சடித்தேன்: 'ஒருவர் கோட்டைக்கு உள்ளே, மற்றவர் வெளியே.' இதில் யாரும் ஏமாறப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஒட்டும் வேலையாவது நேராக இருக்கட்டும் என்று ஸ்கேல் வைத்து ஒட்டினேன்.

கடைசிச் சனிக்கிழமை அண்ணாச்சி அந்த வரியை வாசித்தார். மேசையைச் சுற்றிப் பார்த்தார். கோட்டைப் பக்கத்து நாற்காலி சுவரோரம் கிடந்தது, புழுக்கம். எதிர்ப் பக்கம் சன்னல், ஆற்றுக் காற்று.

"நான் வெளிய இருந்துக்கிடுதேன். நீரு உள்ள போரும்" என்றார்.

முதன்முறையாகக் கோட்டைக்குள் உட்கார்ந்தேன். அண்ணாச்சி கொள்முதலுக்கு விலை பேசுவதுபோல விளையாடினார். ஒவ்வொரு விதியையும் "இதுக்குக் கொறஞ்சு வராதா?" என்று கேட்டு, பைய நகர்ந்தார். நான் கம்பெனியாக இருந்தபோதெல்லாம் மேற்கிலிருந்துதான் தாக்குவேன். அதனால் உள்ளே இருந்த ஆட்கள் அத்தனை பேரையும் மேற்குச் சுவரில் நிறுத்தியிருந்தேன். என்னிடமிருந்து கோட்டையை மிக நன்றாகவே காப்பாற்றினேன். அண்ணாச்சி ஆட்டக் கணக்கில் கடைசி வாரத்தில் கிழக்கே ஏணியைச் சாத்தினார். பகடையை உருட்டினார். ஆறு.

கோட்டை யார் கையில் என்று காட்டும் கொடி வில்லையை விதிப்படி கம்பெனிப் பக்கம் மேலே தெரியத் திருப்பி வைத்தேன்.

"கோட்டை போச்சு அண்ணாச்சி" என்றார் வாத்தியார்.

"யாருது?"

"நம்மளுதுதான்."

அண்ணாச்சி வரைபடத்தைப் பார்த்தார். ஏணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்க ஊருக் கோட்டைய நம்பி ஒம்ம கையில குடுத்தா, இதான் காப்பாத்துத லெச்சணமா வே? கெழக்க ஒரு ஆளு நிக்கல."

"அண்ணாச்சி, 1801இல்..."

"வருசத்த விடும். பிடிச்ச எனக்கே மனசு கேக்கல, நீரு வருசம் சொல்லுதீரு."

அவர் கொடி வில்லையை எடுத்துப் பாளையக்காரர் பக்கம் மேலே தெரியும்படி திருப்பினார். மேசையில் வைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அடுத்த மாசம் உள்ள நான் இருக்கேன். யாரு வெளிய வாரா?"

"நான் வாரேன்" என்றார் வாத்தியார். "இந்தத் தடவ பாளையங்கோட்டைல ஓய்வு கெடையாது."

அண்ணாச்சி மாடிப்படியில் நின்று கீழே குரல் கொடுத்தார். "ஏலே, டின்ன மேல ஏத்தாண்டாம். கீழயே அடுக்கு."

கொடி அவருடைய பையில் இருப்பதை நினைவூட்டலாமா என்று யோசித்தேன். அது விற்பனைக்கு வைத்திருந்த பெட்டி; ஒரு வில்லை குறைந்தால் யாருக்கும் அனுப்ப முடியாது. வாயைத் திறந்தேன். சூப்பர்வைசர் என் காலை மிதித்தார்.