‘இதர’ அலமாரியின் கடைசிப் பொருள்

எது கைக்கு வந்தாலும் அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பொருளை முதலில் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார். பிறகு காதருகே வைத்துக் குலுக்குவார். அப்புறம்தான் அளவு நாடா. குடையானாலும் கூடாரமானாலும் இதே வரிசைதான். தங்கை மகளுக்குப் பிறந்த குழந்தையைக் கையில் கொடுத்தபோதும் முதலில் உள்ளங்காலைத்தான் திருப்பிப் பார்த்தார். “பெரியம்மா, குலுக்கிடாதீங்க!” என்று பெற்றவள் பதறியது அந்த வீட்டில் இன்றும் சிரிப்பு.

நூலகத்தில் அவருக்குப் பெயர் ‘கேட்டலாக் அக்கா’. புத்தகங்களைப் பதிய வேறு ஆட்கள் உண்டு. புத்தகமல்லாத அத்தனையும் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அவர் அறைக்கு வந்து சேரும். இரவல் தருகிற தையல் மெஷின், தொலைநோக்கி, ஆயிரம் துண்டுப் படப் புதிர், பிளாஸ்டிக் எலும்புக்கூடு. கணினியோ புத்தகத்துக்கென்றே பிறந்தது. எத்தனை பக்கம் என்று கேட்கும். பதில் வராமல் இம்மியும் நகராது. எலும்புக்கூட்டுக்கு அக்கா 205 பக்கம் என்று போட்டார். இருநூற்றாறு எலும்பாயிற்றே என்று மருத்துவம் படிக்கும் ஒருவர் சண்டைக்கு வந்தார்.

“இடது முழங்கால் சில்லு வர்றப்பவே இல்லப்பா. இல்லாததை எப்படி எழுதுவேன்?”

படப் புதிர் திரும்பி வரும்போதெல்லாம் ஆயிரத்தையும் எண்ணுவார். ஒருமுறை ஒரு துண்டு குறைந்தது. இரவல் வாங்கியவருக்கு உடனே போன் போனது. “சோபாவுக்கு அடியில பாருங்க. பார்த்தாச்சா? சரி, சோபாவைத் தூக்கிப் பாருங்க.” நான்காவது போனில் அந்தத் துண்டு கிடைத்தது.

அவருக்கு ஆகாத சொல் ஒன்றுண்டு: ‘இதர’. “வீட்டுக்கு வந்தவங்களைப் பேர் கேட்காம வாசல்லயே நிக்க வைக்கிற மாதிரி இருக்கு” என்பார். வேலைக்குச் சேர்ந்த அன்று அந்த அறையில் ‘இதர’ என்று எழுதிய ஓர் அலமாரி பிதுங்கி வழிந்துகொண்டிருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் ஒவ்வொன்றுக்கும் பெயர் கண்டுபிடித்து, உரிய இடத்துக்கு அனுப்பி, அதைக் காலி செய்துவிட்டார். மிச்சம் ஒன்றே ஒன்று.

மரப் பிடி. அதன் முனையில் ஏழு பல் வைத்த பித்தளைச் சக்கரம். சுற்றினால் கிர்ரென்று சத்தம் வரும். மறுமுனையில் கரண்டி போல ஒரு சின்னக் குழி. யாரோ நன்கொடையாகத் தந்த பெட்டிக்குள் துண்டுச் சீட்டுகூட இல்லாமல் வந்தது. வந்த அன்றே எண் கொடுத்தாயிற்று, பெயர்தான் அகப்படவில்லை. தையல்காரர் உதட்டைப் பிதுக்கினார். ரொட்டிக் கடைக்காரர் முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பல் டாக்டர், “இதை ஒருத்தர் வாய்க்குள்ள விட்டா நான் ஜெயிலுக்குத்தான் போகணும்” என்றார்.

போன வாரம் தலைமை நூலகர் அக்காவின் அறைக்கு வந்து பூரித்துப் போனார். “அலமாரியையே காலி பண்ணிட்டீங்களே, சபாஷ்! வெள்ளிக்கிழமை பழைய சாமான்காரர் வர்றார். அலமாரியையும், அதுல கிடக்கிறதையும் தள்ளிடலாம். அதுக்குள்ள பேர் கிடைச்சா சொல்லுங்க, வச்சுக்கலாம்.”

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதையாயிற்று. அக்காவுக்கு நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை. இரவல் கவுன்ட்டரில் இருக்கும் தோழிக்கே பொறுக்கவில்லை.

“ஏதாவது ஒரு பேரைப் போட்டுடுங்கக்கா. யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே.”

“அதுக்காகக் குப்பைக்கு அனுப்புவீங்களா?”

“பொய்ப் பேர் போட்டா மட்டும்? தேடி வர்றவங்க வேற எங்கேயோ போய்த் தேடுவாங்க. அதுவும் குப்பைக்குப் போன மாதிரிதான்டீ.”

வெள்ளிக்கிழமை மாலை வரை பெயர் கிடைக்கவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் அக்கா அந்தப் பொருளை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கவுன்ட்டருக்கு வந்தார். கைப்பையைத் துழாவி, இத்தனை வருடத்தில் ஒருநாளும் நீட்டாத தன் உறுப்பினர் அட்டையை நீட்டினார். இரவலில் போயிருக்கும் பொருளை யாரும் வேண்டாமென்று கழிக்க முடியாது. அந்த விதியை எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

தோழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “பதினாலு நாள்தான்க்கா. லேட்டானா உங்களுக்கும் அபராதம் உண்டு.”

“தெரியும். ரெண்டு தடவை நீட்டிக்கலாம். போடு முத்திரையை.”

வெளியே, காலி அலமாரியை வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார் பழைய சாமான்காரர். அக்கா தாண்டிப் போனார். நாலடி நடந்ததும் நின்றார். ஊரில் உள்ள பழைய பொருள் எல்லாம் கடைசியில் யார் கையில் போய்ச் சேருகிறது என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். திரும்பி வந்து, பையிலிருந்து அதை எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“அண்ணே, இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?”

அவர் கயிற்றை விட்டுவிட்டு, ஆர்வமாகப் பித்தளைச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். கிர்ரென்றது. அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவர் வாயையே பார்த்தபடி நின்றார். மரப் பிடியை மட்டும் தன் கையிலிருந்து விடவேயில்லை.