பிலோமினாவின் ஒட்டுப் பெட்டியும் என் பம்பும்

பிலோமினா காலமான செய்தி சைக்கிளில்தான் வந்தது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து மிதித்து வந்த அவருடைய தம்பி, வைத்தியசாலை வேலியில் சைக்கிளைச் சாத்திவிட்டு, "அக்கா எங்களை விட்டிட்டுப் போயிட்டா ஐயா. மூண்டு நாள் காய்ச்சல்தான்" என்றார். நான் மருந்துக் குளிசை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடி எண்ணத் தோன்றவில்லை.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பலர் அவரிடம் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்ட தாய்மார். அவர் உங்கள் மருத்துவிச்சி. நான் அதே வைத்தியசாலையின் மருந்தாளர், அவரைவிட நான்கு வயது மூத்தவன். பெற்றோல் கண்ணில் படாத ஆண்டுகள் அவை. ஆள் பற்றாக்குறையால் தடுப்பூசிப் பெட்டியோடு காட்டுப் பாதையில் போக அவருக்குத் துணையாக என்னை அனுப்பினார்கள். துணை யாருக்கு யார் என்பது முதல் நாளே தெரிந்துபோயிற்று.

வவுனியாவில் தார் ரோட்டிலேயே மிதித்துப் பழகியவன் நான். மணி, டைனமோ, முன்கூடை, மட்காட், செயின் கவர் எல்லாம் துடைத்துப் பளபளவென்று கொண்டுபோய் நிறுத்தினேன். பிலோமினா சுற்றிவந்து பார்த்தார். "அண்ணை, உது கலியாண வீட்டுக்குப் போற சைக்கிள். காட்டுக்குச் சரிவராது" என்றார். மட்காட்டுக்குள் சேறு இறுகினால் சில்லு சுற்றாதாம். அங்கேயே கழற்ற வைத்தார். பிறகு ரயரைப் பெருவிரலால் அழுத்தி, "கல்லு மாதிரி அடிச்சு வைச்சிருக்கிறியள். மணல்ல புதையும்" என்று பாதிக் காற்றைத் திறந்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. சேலையோடு சைக்கிள் ஓடும் ஒருவர் எனக்குப் பாடம் எடுப்பதா என்ற கோபம். முதல் மணல் திட்டிலேயே அது அடங்கிவிட்டது.

அவர் எதையும் அழகுக்குக் கொண்டுவருவதில்லை. தண்ணீர்ப் போத்தல், சேறு தட்டச் சிறு கத்தி, தடுப்பூசிப் பெட்டியைக் கரியரில் கட்டப் பழைய ரியூபில் வெட்டிய வார்கள், பம்பின் தோல் வாசருக்குப் பூசக் கொஞ்சம் தேங்காயெண்ணெய். ஒரு பால்மாத் தகரத்துக்குள் ரியூபுக்குப் போடும் ஒட்டுத்துண்டும் அதை ஒட்டும் சொலூசனும் உரஞ்சுகிற தாளும் இருக்கும். அந்த ஒட்டுப் பெட்டி எப்போதும் அவரிடம். பம்ப் எப்போதும் என்னிடம். இரண்டையும் ஒருவரே வைத்திருந்தால் என்ன என்று கேட்டேன். "கடலுக்குப் போறவை ஆளை விட்டிட்டுக் கரைக்கு வாறேல்லை அண்ணை. பிரிச்சு வைச்சிருந்தால் ஒருத்தரை விட்டிட்டு மற்றவர் போகேலாது" என்றார். அவருடைய அப்பா வலை இழுத்தவர்.

ஆனால் நான் விட்டுவிட்டுப் போனேன்.

ஒட்டுசுட்டான் ஊருக்கு அப்பால் ஒரு குடியிருப்பில் தடுப்பூசிக் கிளினிக். அதற்குள் எனக்கும் காட்டோட்டம் பழகி, கொஞ்சம் தலைக்கனமும் வந்திருந்தது. மழை இருட்டியது. நனையாமல் போய்ச் சேரலாம் என்று விறுவிறுவென்று மிதித்தேன். பின்னால் திரும்பிப் பார்க்கவேயில்லை. போய்ச் சேர்ந்து, கொடுத்த தேத்தண்ணியையும் குடித்து, தாய்மாரோடு கதைத்துக்கொண்டிருந்தேன். பிலோமினா வந்தபோது இரண்டு மணித்தியாலம் கடந்திருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, முழங்கால்வரை சேறோடு வந்தார். முள் குத்திய ரியூபுக்கு அழகாக ஒட்டுப் போட்டிருந்தார். காற்று மட்டும் இல்லை. தடுப்பூசிப் பெட்டியைத் திறந்தோம். ஐஸ் முழுவதும் உருகித் தண்ணீர் சூடாகிக் கிடந்தது. அந்த மருந்தை இனி எந்தப் பிள்ளைக்கும் போட முடியாது.

விடியவே நடந்து வந்த ஒரு தாய், "என்ன மிஸ்ஸி, இனி எப்ப?" என்று கேட்டார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிலோமினா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "என்ர சைக்கிள் காத்துப் போயிட்டுது. பிழை என்னிலதான். மருந்து வந்த உடனை நானே கொண்டு வருவன்" என்றார். வைத்தியசாலையிலும் அதையே சொல்லி ஏச்சு வாங்கினார். நான் அங்கேயும் வாய் திறக்கவில்லை.

மறுபடி மருந்து வர ஆறு கிழமை, ஒன்றரை மாதம், ஆயிற்று. அந்த ஆறு கிழமையும் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேட்டாலும் ஓடிப்போய் என்ன காய்ச்சல் என்று விசாரிப்பேன். நல்லவேளை, ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த பயணத்தன்று, அவர் வருமுன்பே பம்பைக் கழற்றி அவருடைய சைக்கிளில் கட்டிவைத்தேன். அதை என் கையில் வைத்திருக்க வெட்கமாக இருந்தது. வந்து பார்த்தவர், வாரை அவிழ்த்து, பம்பை என் சைக்கிளிலேயே திரும்பக் கட்டினார். "இது உங்களிட்டையே இருக்கட்டும் அண்ணை. இனி நீங்கள் திரும்பிப் பாப்பியள்." அதற்குப் பிறகு நான் திரும்பிப் பாராத பயணம் இல்லை.

ஒட்டுப் பெட்டியை அவருடைய தம்பி எடுத்துக்கொண்டார். பம்பையும் கொடுக்கத்தான் கொண்டுபோனேன், மனம் வரவில்லை. வாசருக்கு இன்னும் தேங்காயெண்ணெய் பூசுகிறேன். அன்று பிள்ளைகளுக்கு ஊசி போடாமலே திரும்பிய தாய்மாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர் உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டியது. பிழை பிலோமினாவில் இல்லை. பம்ப் என்னிடம் இருந்தது.