ஹிராடோவில் ஆர் இருக்கினம்?

டொரோண்டோவின் ரூஜ் பக்கத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் செலீன், ஐம்பத்தாறு வயதில், ஜப்பானிலுள்ள ஹிராடோ தீவுக்குப் போகப்போவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் சொன்னாள்.

"அங்க எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?" என்று கேட்டார் அவளுடைய அண்ணன் அமிர்தநாதர்.

"ஒருத்தரும் இல்லை, அண்ணை."

"பின்னை என்னத்துக்குப் போறாய்?"

நம்மவர்களுக்கு இது நியாயமான கேள்விதான். சொந்தக்காரர் இல்லாத ஊருக்கு நாம் எப்போது போயிருக்கிறோம்? கலியாணம், செத்தவீடு, பிள்ளைப்பேறு என்று ஏதாவது இருக்கவேண்டும். படுக்க யார் வீட்டு சோஃபாவாவது வேண்டும். செலீன் கலியாணம் கட்டாதவள் என்பதால் எல்லோருக்கும் இன்னும் வசதி. எங்கே கை உதவி தேவையோ அங்கே அவளுக்கு டிக்கெட் போட்டுவிடுவார்கள். லண்டனில் அவள் கண்டது ஒரு அடுப்படி. பாரிசில் ஈபிள் கோபுரத்தைப் பார்த்தாள்தான், காரின் கண்ணாடியூடாக, மடியில் பலகாரச் சட்டியோடு.

ஹிராடோவை அவள் தொலைக்காட்சியில் கண்டாள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஒரு காலத்தில் கப்பலில் வந்திறங்கிய பழைய துறைமுகம். ஏறிப்போகும் கற்படிகள், ஓரத்தில் பௌத்த கோயிலின் கூரை, அதற்குப் பின்னால் தேவாலயத்தின் கோபுரம். அந்தப் படிகளில் ஏறவேண்டும். பத்து நாள் யாருக்கும் எதுவும் செய்யாமல் இருக்கவேண்டும். அவளுடைய ஆசை அவ்வளவுதான். வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.

"கோயில் பார்க்கவெண்டா லூர்து மாதாவிட்டைப் போகலாமே. பாரிசில எங்கட ஆக்கள் இருக்கினம்" என்றார் அண்ணன், கடைசி முயற்சியாக.

பள்ளி விடுமுறை விட்டதும் செலீன் புறப்பட்டுவிட்டாள்.

ஹிராடோவில் சின்ன விடுதி ஒன்று. முதல்நாள் காலை, துறைமுகத்தைப் பார்த்த அறையில், தாழ்ந்த மேசை நிறையச் சாப்பாடு வைத்திருந்தார்கள். சுட்ட மீன், முட்டை, சூப், சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஏதேதோ. மற்றவர்களும் வரட்டும் என்று செலீன் கதவைப் பார்த்தபடி நின்றாள். ஒருவரும் வரவில்லை. விடுதிக்காரப் பெண் சோற்றுப் பாத்திரத்தோடு வந்ததும், செலீன் பழக்கதோஷத்தில் அகப்பையை எடுத்து அவளுக்குப் பரிமாறப் போனாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அகப்பையை வாங்கி, தோளில் கை வைத்து இவளை இருத்தி, சோறு போட்டாள். செலீன் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். தனக்குக் கடைசியாக யார் சோறு போட்டார்கள் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. டொரோண்டோவில் முந்தின நாள் பின்னேரம். அண்ணன்தான்.

"செலீன், எங்கட றெபேக்காவை வேலைக்குக் கூப்பிட்டிட்டாங்கள். பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. டிக்கெட்டை மாத்திக்கொண்டு வெள்ளிக்கிழமை வந்திடு, என்ன?"

றெபேக்கா அண்ணனின் மகள். அவளையும் தூக்கி வளர்த்தவள், அவளுடைய பிள்ளையையும் தூக்கி வளர்ப்பவள் செலீன். 'ஓம் அண்ணை' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் சோற்றுக் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"நீங்களும் அண்ணியும் வீட்டிலதானே நிக்கிறியள், அண்ணை?"

மறுபக்கத்தில் ஒரு இருமல். "எனக்கு நாப்பி மாத்தத் தெரியாதே."

"அண்ணிக்குத் தெரியும். பழகுங்கோ. நான் சொன்ன நாளுக்குத்தான் வருவன்."

"அங்க தனிய இருந்து என்னடி செய்யிறாய்?"

"சாப்பிடுறன், அண்ணை. சோறு ஆறப்போகுது" என்று சொல்லி, பிறந்த நாளிலிருந்து முதல் தடவையாக, அண்ணன் வைக்கும் முன்னரே அவள் போனை வைத்தாள்.